அத்தான் கடைசியில்தான் பேச வேண்டும்

1

அன்று இருந்தவர்கள் இவர்கள்தான். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், அக்கா வீட்டுக் கூடத்தில், டிவிக்கு எதிரே: என் அக்காவின் கணவர் மதியழகன், அதாவது என் அத்தான், அக்கா விஜயா, அவர்கள் மகன் கவின், அறுவடை வண்டி ஓட்டும் குமார், வண்டிக்கு முன்பணம் வாங்க ஆத்தூரிலிருந்து வந்திருந்த தரகர் செல்வம். சிங்கப்பூரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்: நான், மனைவி மலர், மகள் நிவேதா. மொத்தம் எட்டுப் பேர். ஒன்பதாவதாக யாராவது வந்து, "நானும் அங்கே இருந்தேன்" என்று சொன்னால் அது பொய்.

இவ்வளவு கறாராகப் பெயர் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரில் கதை வேறு மாதிரி சுற்றுகிறது. போன மாதம் பட்டுக்கோட்டையிலிருந்து சித்தப்பா பேசினார்.

"ஏம்ப்பா, வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு, ஒங்கத்தான டிவி முன்னால உக்கார வச்சு, வாயத் தொறக்க வுடாம அடிச்சியாமே?"

வாயைத் திறக்க விடவில்லை என்பது உண்மை. அடித்தது நான் இல்லை.

இந்தப் பத்திரிகை எங்கள் ஊர் சலூனுக்கு வரும். அத்தான் அங்கேதான் முடி வெட்டிக்கொள்வார். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். மறைத்துப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

2

நான் பயந்தவன். சின்ன வயதிலிருந்தே அப்படி. மேட்டூரில் தண்ணீர் திறக்காத ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்பை அரையாண்டோடு நிறுத்திவிட்டுத் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்கு மேசை துடைக்கப் போனேன். அங்கேயும் அடுப்பை அணைத்தார்களா என்று முதலாளியைக் கேட்டுக் கேட்டு ஏச்சு வாங்குவேன். இங்கே வந்து இத்தனை வருஷம் ஆகியும் மாறவில்லை. பாஸ்போர்ட் நகல் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். ரயிலில் ஏறினால் எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்று முன்கூட்டியே பார்த்து நிற்பேன். நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் எனக்கு இங்கே சோறு இறங்காது. இங்கே எனக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது, ஆனாலும் அப்படித்தான்.

"பா, அது உங்க மழை இல்ல," என்பாள் நிவேதா. அவளுக்கு மழை என்றால் குடை.

வேலை விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கிற ஒரு பெரிய சமையற்கூடத்தில். திரும்பி வரும் தட்டுகளைக் கழுவுகிற பிரிவில் நான் குழுத்தலைவன். வேலை கஷ்டமில்லை. கவலைதான் கஷ்டம்.

இந்தக் குணத்தை ஊரில் குணம் என்று சொல்ல மாட்டார்கள். வாய் என்பார்கள். "அவன் வாயில வுழாத." அந்தப் பெயர் எனக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது அறுவடை வண்டிக்குப் பூஜை போட்ட அன்று.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அத்தான், "மாப்ள, ரெண்டு பேருமா சேந்து கதிர் அறுக்கற வண்டி ஒண்ணு எடுப்போம். அறுக்க ஆளு கெடைக்கல. வண்டி வச்சிருக்கறவன்தான் ராசா," என்றார். நான் பணம் அனுப்பினேன். மலருக்கு அப்போது கையில் இருந்த வளையலும் அதில் போனது. விடுப்பில் ஊருக்குப் போன சமயம் வண்டி வந்து இறங்கியது. சந்தனம், குங்குமம், மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். தெருவே கூடி நின்றது. அப்போதுதான் பார்த்தேன், அது டயர் வண்டி. எங்கள் பக்கத்தில் குறுவைக்கு டயர் வண்டி போதும். சம்பா அறுவடை தையில் வரும். தையில் மழை பிடித்துக்கொண்டால் சேற்றில் செயின் வண்டிதான் நிற்கும், டயர் வண்டி புதைந்துவிடும். இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியமில்லை. தெருவில் நின்ற எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தவன் நான்தான்.

"அத்தான், தையில மழ வந்தா இது எறங்கிடாதா?"

பூசணிக்காய் அவர் கையில் இருந்தது. உடைக்காமல் நின்றுவிட்டார். நல்ல காரியம் தொடங்கும்போது கெட்டதைச் சொல்லக் கூடாது என்பது ஊர் வழக்கம். கெட்டதை நினைக்கலாம், சொன்னால்தான் நடக்கும்.

"இவன யாருடா இங்க நிக்கச் சொன்னது? அபசகுனம் புடிச்ச வாயி. போடா, போயி வாயக் கழுவிட்டு வா!"

போனேன். வாய்க்காலில் இறங்கி நிஜமாகவே வாய் கொப்பளித்தேன். நாற்பது வயதைத் தாண்டிய ஆள்.

அந்தத் தையில் மழை பெய்தது. வண்டி புதைந்தது. இழுத்து வெளியே எடுப்பதற்குள் பாதி வண்டி வீணாகி, அதை வந்த விலைக்குத் தள்ளினார்கள். என் பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என் வாயைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டில் மாடு கன்று போட்டிருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் கொட்டகைக் கதவைச் சாத்தினாள்.

பணத்தைக்கூட விட்டிருப்பேன். அந்தக் கதவை விட முடியவில்லை.

3

இங்கே கம்பெனிகள் ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போகவில்லையென்றால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதுவே எனக்குப் போதும். நிரந்தரவாசிக்கான மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும்போது, இந்த வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கேட்டுவிடுமோ என்று எல்லா வகுப்புக்கும் போய்விடுவேன். தீயணைப்பு, முதலுதவி, பல்லி விழுந்த உணவை என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் சான்றிதழ் இருக்கிறது.

இந்த முறை வந்தது சிந்திக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. வேலையிடத்தில் புதிதாகவும் ஒழுங்காகவும் யோசிக்கிற கருவிகள், இரண்டு நாள். காலையில் போனைக் காட்டி வருகை, சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி வருகை, போகும்போது ஒன்று. நடுவில் போன் சார்ஜ் இறங்கினால் நீங்கள் வரவே இல்லை என்று அர்த்தம். நான் சார்ஜர் இரண்டு கொண்டுபோயிருந்தேன்.

சொல்லிக்கொடுத்தது மெய்லிங் என்ற சீனப் பெண். முதலில் நடுவில் ஒரு வட்டம் போட்டுச் சுற்றிலும் கிளை கிளையாக எழுதச் சொன்னாள். பிறகு மீன் முள் படம். தலையில் பிரச்சினை, முள்ளுக்கு முள் ஒரு காரணம். நான் ஒரே முள்தான் போட்டேன். எங்கள் வீட்டில் எதற்கும் ஒரே காரணம்தான் சொல்வார்கள், அது ஒரு ஆளாக இருக்கும். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து முறை "ஏன்" கேட்கிற பயிற்சி. நான் வளர்ந்த வீட்டில் இரண்டாவது ஏனுக்கே அறை விழும்.

இரண்டாம் நாள் பிற்பகல் கடைசிக் கருவி. தட்டுக் கழுவும் பிரிவை மேல்மாடிக்கு மாற்ற ஒரு திட்டம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள். "ஒரு வருஷம் ஓடிவிட்டது என்று வையுங்கள். திட்டம் தோற்றுவிட்டது. தோற்குமா என்று கேட்கவில்லை, தோற்றே போய்விட்டது. ஏன் தோற்றது? ஆளுக்கு ஆள் எழுதுங்கள்." அப்புறம் சட்டங்கள். ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு யாரும் பதில் பேசக் கூடாது. அந்த இடத்தில் யார் பெரியவரோ அவர் கடைசியில்தான் பேச வேண்டும். எங்கள் மேலாளர் ஒரு மூலையில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருந்தார்.

ஆங்கிலத்தில் எழுதினால் வேகம் போதவில்லை, தமிழில் எழுதினேன். லிப்ட் பழுதானால், ஈரத் தரையில் யாராவது விழுந்தால், நோன்பு மாதத்தில் ஆள் குறைந்தால். மஞ்சள் தாள் தீர்ந்து பச்சைத் தாள் எடுத்தேன். படித்துச் சொல்லும்போது பதற்றத்தில் ஆங்கிலத்துக்கு நடுவே மலாய் வந்தது. பக்கத்து மேசை பிலிப்பினோ பையன்கள் சிரித்தார்கள். மெய்லிங் சிரிக்கவில்லை. "இன்னும் இருக்கிறதா? சொல்லுங்கள்," என்றாள். கடைசியில் ஒரு சாக்லேட் கொடுத்தாள்.

பத்திரிகையில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் மனம் நிறைந்தது என்று எழுதுவார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உலகத்தில் ஒரு ஊரில் இதற்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். என்னை வாய் கொப்பளிக்க வைத்தார்கள். ரயிலில் சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், உருகிவிட்டது. எனக்கு மேல்மாடியும் தட்டும் நினைவில் இல்லை. பெரியவர் கடைசியில்தான் பேச வேண்டும் என்ற அந்த ஒரு சட்டத்தையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

4

ஆசைப்பட்டது தானாக வீடு தேடி வந்தது. அடுத்த மாதமே அத்தான் போன் செய்தார்.

"மாப்ள, செயின் வண்டி ஒண்ணு வருது. ஆத்தூர் பார்ட்டி. பாத்தா புதுசு மாதிரி இருக்கு. விட்டதப் புடிச்சிரலாம். ஒன் பங்கு ஒரு எட்டு லச்சம் போட்டு வுடு."

எட்டு லட்சம் என்பது நிவேதாவின் மேல்படிப்புக்காகச் சேர்த்தது. மலர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், வேண்டாம் வேண்டாம் என்று. நான் போனில் சொன்னேன்:

"போடலாம் அத்தான். ஆனா எங்க கம்பெனியில இப்பல்லாம் பணம் போடறதுக்கு முன்னால ஒரு மீட்டிங் வைக்கிறாங்க. ஆளாளுக்குப் பேசணும். அதுமாதிரி நம்மளும் ஒண்ணு வச்சிட்டு முடிவு பண்ணுவோம்."

"வீடியோ மீட்டிங்கா? ஃபாரின் கம்பெனி மாதிரியா?"

"ஆமாத்தான்."

"செஞ்சிரலாம். பார்ட்டியையும் வரச் சொல்லிடறேன். நம்ம லெவல் என்னன்னு தெரியட்டும் அவனுக்கு."

அவர் பெருமைக்காரர். பெருமைக்காரர்களைக் கூப்பிடுவது சுலபம்.

மலர் அன்று சாயங்காலம் கேட்டாள். "என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். சட்டம் மட்டும் சொல்லுவேன்."

"ஒங்க மொகம் நல்லால்ல."

5

ஞாயிறு காலை அங்கே பத்து மணி, நல்ல நேரம் பார்த்திருந்தார்கள். கவின் போனை டிவியோடு இணைத்திருந்தான். அத்தான் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நடு நாற்காலியில். பக்கத்தில் தரகர் செல்வம். குமார் சுவரோரம் நின்றான். அக்கா சமையலறை நிலைப்படியில். முன்னால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், கற்பூரம், முன்பணத்துக்கான ரூபாய்க்கட்டு.

சட்டங்களைச் சொன்னேன். அடுத்த தை வந்துவிட்டது. வண்டி நஷ்டத்தில் போய்விட்டது. ஏன் போனது என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

அத்தான் முகம் மாறியது. "டேய், கற்பூரம் வச்சிருக்கு. நல்ல நாளும் அதுவுமா..."

"அத்தான், நீங்க பெரியவங்க. பெரியவங்க கடைசியிலதான் பேசணும். அதுதான் சட்டம்."

"எவன்டா போட்டான் அந்தச் சட்டத்த?"

"கம்பெனி."

தரகர் "ஓ, கரெக்ட்டு கரெக்ட்டு, பெரிய கம்பெனில அப்படித்தான்," என்றார். அவர் எந்தப் பெரிய கம்பெனியையும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அதற்கப்புறம் அத்தானால் மறுக்க முடியவில்லை. கால்மேல் கால் போட்டு, கையைக் கட்டிக்கொண்டார்.

யோசிக்க மூன்று நிமிஷம் கொடுத்தேன். நிவேதா போனில் நேரம் வைத்தாள். "பா, இதெல்லாம் நாங்க பிரைமரி த்ரீயிலேயே பண்ணிட்டோம்," என்றாள். நான் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

முதலில் குமார். "நா என்னத்தண்ணே சொல்றது..." என்று இழுத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "வண்டி நின்னுபோச்சுண்ணே. ஓட்ட நா இல்ல. வேற வண்டிக்குப் போயிட்டேன்," என்றான்.

"ஏன்டா?" என்று அத்தான் எழுந்தார்.

"பதில் பேசக் கூடாதுன்னு சொன்னாங்களேண்ணே," என்றான் குமார். தரகர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு குமாருக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். "பழைய வண்டிய மழ வுட்ட மறுநாளே வயல்ல எறக்கச் சொன்னீங்க. வேணாண்ணே, ரெண்டு நா காயட்டும்னேன். பக்கத்து ஊருக்காரன் அறுத்துட்டுப் போயிடுவான், எறக்குடான்னீங்க. எறக்குனேன். பொதஞ்சதும், அவன் வாயாலதான்னு நீங்களே மொத ஆளா கத்துனீங்க. எனக்கு அன்னிக்கே வுட்டுப் போச்சு."

என் காது சூடாகிவிட்டது. மலர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள்.

தரகரை விட்டுவிடலாம் என்றிருந்தேன். அவரே, "நானும் சொல்லலாங்களா?" என்றார். அவருக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "வண்டில கொற இல்ல. ஆனா சீசனுக்கு எங்க ஊர்லேருந்து வண்டி வண்டியா எறங்குது. நாலு பேருக்கு நம்மதான் போன் போட்டு வேல கேக்கணும். அண்ணன் போட மாட்டாரு. அவனவன் வந்து வாசல்ல நிக்கணும்னு இருப்பாரு. யாரும் வல்லீங்க." சொல்லி முடித்த பிறகுதான் தன் கமிஷன் நினைவு வந்திருக்கும், தாம்பாளத்தைப் பார்த்தார்.

அத்தான் கழுத்தில் நரம்பு தெரிந்தது. அந்த டிவியில் நாங்கள் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தோமோ தெரியாது. எனக்கு அவர் என் கைபேசி அளவில் தெரிந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து கவின். திருப்பூரில் வேலை பார்க்கிறான், நல்ல பிள்ளை, யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

"வண்டிக்கின்னு வாங்கற பணம் வண்டிக்குப் போவாது மாமா. அதான் காரணம்."

"கவினு!" இது அத்தான்.

"அப்பா, நீங்க கடைசியில." டிவி பக்கம் திரும்பினான். "மாமா போன தடவ அனுப்புனதுல பாதிக்கு மேல அப்பா எங் காலேஜ் சீட்டுக்குக் கட்டுனாரு. கொறஞ்ச பணத்துக்கு டயர் வண்டிதான் வந்துச்சு. முழுசாப் போட்டிருந்தா செயின் வண்டியே எடுத்திருக்கலாம்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தாரு. நா கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆக, அன்று எலுமிச்சம்பழம் வைத்த நாலு டயரும் எதனால் வந்தவை என்று தெரிந்துகொண்டே அவர் என்னை வாய் கழுவ அனுப்பியிருக்கிறார். அதுவரை அவர் முட்டாள் என்று நினைத்திருந்தேன். முட்டாளை மன்னித்திருக்கலாம்.

அக்காவின் முறை வந்தது. அக்கா நிலைப்படியை விட்டு வரவில்லை.

"நா என்ன சொல்றது. இந்த வண்டியும் போயிருச்சு. ஏன்னா போனா யாரு தலையில போடலாம்னு இவருக்குத் தெரியும்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி, ஒன் வாயால ஒண்ணும் எறங்கலப்பா. ஊரே சொல்றப்ப நானும் சும்மா இருந்துட்டேன்."

இதற்குத்தான் நான் ஆறு வருஷம் காத்திருந்தேன். ஐந்து பேர் முன்னால், அவர் வீட்டிலேயே, அவர் பெண்டாட்டி வாயால்.

இனி அத்தான். அவருக்கும் மூன்று நிமிஷம். அவர் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். அப்போது நிவேதா, இந்தக் கதையில் யார் யார் என்று அதுவரை சரியாகப் புரியாதவள், போனைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்:

"மாமா, உங்களுக்கு இன்னும் டூ மினிட்ஸ் இருக்கு."

அவர் உட்கார்ந்தார். நானாக ஆயிரம் யோசித்திருந்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது.

அந்த இரண்டு நிமிஷத்தையும் நான் முழுசாகப் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர் டிவியைப் பார்க்காமல், "எவ்ளவுடா ஒனக்குத் தரணும்?" என்றார்.

"அக்காவே சொல்லட்டும்."

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. யோசிக்காமல் சொன்னாள். "அஞ்சு லச்சத்து நாப்பதாயிரம்."

தரகர் மெதுவாக எழுந்து, அப்புறம் வர்றேங்க என்று செருப்பைத் தேடிப் போனார்.

6

மலர் அப்போதே சொன்னாள். "போதும், விட்டுடுங்க. அக்கா புருஷன். நாலு பேரு முன்னால அசிங்கப்பட்டுட்டாரு." நிவேதா மட்டும், "எல்லாருக்கும் முதல்லயே தெரியும்னா, ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டாள். அவளுக்கு ஊரைப் பற்றி நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், இதற்கும் அந்தப் பூசணிக்காயிலிருந்து ஆரம்பித்தேன். அவள் அறைக்குப் போய்க் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

நான் விடவில்லை. விடப் போவதுமில்லை. அந்த வண்டியை அத்தான் எடுக்கவில்லை. பணம் துண்டு துண்டாக வருகிறது, கவின் அனுப்புகிறான், அப்பா சொல்லித்தான் என்கிறான். இதுவரை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு நாள் முழுக்க நன்றாக இருக்கிறது எனக்கு. முழுசாகத் தீர்ந்துவிட்டால் அப்புறம் எதை எதிர்பார்த்து இருப்பது என்று இப்போது ஒரு புதுக் கவலை.

பக்கத்து வீட்டு அம்மாள் வீடியோவில் என்னைப் பார்த்து, "வாப்பா, எப்ப வர்ற?" என்றாள். அவளோடும் எனக்கு ஒன்று பாக்கி இருக்கிறது, அது வேறு.

நேற்று ஒரு அழைப்புப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி எடுத்துப் போவது முறை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நான் ஒருவன்தான். அத்தான் பெயரில் அச்சடித்த பத்திரிகைக்குக் கீழே அக்காவின் குரல் இருந்தது: "தம்பி, நீ வந்தாத்தான்டா நா மணையில உக்காருவேன்."

போவேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போடுவேன், வாயைத் திறக்க மாட்டேன். அக்காவின் பட்டுப்புடவை என் செலவு, அதில் கணக்குப் பார்க்க மாட்டேன். அத்தானுக்கு எடுக்கும் பட்டு வேட்டியும் துண்டும் ஏழாயிரம் ஆகிறது. அதையும் அவர் கடனில் எழுதக் கூடாது என்று மலர் வாதாடினாள். நான் எனக்கு வர வேண்டியதில் சேர்த்துக்கொள்கிறேன், கடன்காரருக்குச் சீர் செய்ய எனக்கு மனமில்லை.

அத்தான், சலூனில் இதைப் படித்தால் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டியும் சேர்த்து, பாக்கி நான்கு லட்சத்து முப்பத்தேழாயிரம் ரூபாய்.